எல்சபெத் பழைய பதிப்பை ஏற்றினாள்

இணையதளம் எல்சபெத்தின் தலையில் விழுந்தது அவள் காபி எடுத்துவரப் போயிருந்தபோது.

ரான்டெர்ஸ் நகரத்தின் ஓரத்தில், ரயில்பாதைக்கும் ஆற்றுக்கும் இடையே, தோட்டத் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடில், ஒரு கொடிக்கம்பம், சுற்றிலும் உயிர்வேலி. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம். சங்கத்துக்கு ஓர் இணையதளம். அதைக் கட்டியவர் அப்போதைய தலைவர் அக்ஸெல். அவர் இறந்த வருடத்துப் பொதுக்குழுவில், தளத்தை இனி யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். எல்சபெத் அடுக்களையில் தெர்மாஸ் நிரப்பிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் கைதட்டினார்கள். காபிக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, தலையைச் சாய்த்து நன்றி சொன்னாள். அது சம்மதமாகக் குறிப்பில் ஏறிவிட்டது.

பகலில் அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். கணினி எதைக் கேட்டாலும் ஆம் என்று அழுத்திவிடுவது அங்கே வந்த பழக்கம். உள்ளே ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்கும்போது யார் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் படிப்பது?

அவளுடையது பதினேழாம் எண் தோட்டம். முதலில் அது அவள் கணவன் பிரேபென்னின் பெயரில் இருந்தது. வீபோர்க் நகரில் நாய்கள் வளர்க்கும் ஒருத்தியுடன் அவன் போனபோது வீட்டை விற்றார்கள், காரை அவன் எடுத்துக்கொண்டான், தோட்டம் அவளுக்கு வந்தது. நகரத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்துக்காரரின் ஷவர் தெரியும். மே மாதம் பிறந்ததும் அந்த அறையைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிடுவாள். செப்டம்பர் கடைசி வரை திரும்பிப் பார்க்க மாட்டாள். உருளைக்கிழங்கு போடுவாள், குடிலுக்குச் சாயம் அடிப்பாள், சாயங்காலம் படியில் உட்கார்ந்து கம்பு ரொட்டியில் ஈரல் பசை தடவித் தின்பாள். வேறு ஒன்றும் செய்ய மாட்டாள். வேறு ஒன்றும் வேண்டியும் இருக்கவில்லை.

சங்கத்தின் விதிகளில் ஒன்பதாவதைச் சொல்லியாக வேண்டும். அக்ஸெலின் காலத்தில் தோட்டங்களின் வாசலருகே ஒரு அறிவிப்புப் பலகையும் ஆற்றங்கரையில் இன்னொன்றும் இருந்தன. ஒரு குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரை நிறுத்தும் தேதி இரண்டிலும் இரண்டு விதமாக வந்தது. பாதித் தோட்டங்களில் குழாய் உறைந்து வெடித்தது. எந்தப் பலகை பொய் சொன்னது என்று ஒரு வருடம் சண்டை போட்டார்கள். பிறகு பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு விதி எழுதினார்கள்: சங்கத்தின் விஷயத்தில் இணையதளத்தில் உள்ளதே செல்லும்.

இந்த விதியை அவர்கள் மதித்த விதம் ஊரில் வேறு எங்கும் கிடையாது. ஒருமுறை எல்சபெத் தேதியை மாற்ற மறந்துவிட்டதால், வாசல் மூடப்பட்டிருக்கிறது என்று தளத்தில் கிடந்தது. விரியத் திறந்திருந்த வாசலுக்கு வெளியே மூன்று பேர், கையில் நாற்றுகளோடு, அவள் கைப்பேசியில் அதைத் திருத்தும் வரை நின்றுகொண்டிருந்தார்கள்.

அக்ஸெல் தளத்துக்குள் ஒரு சின்ன வேலைப்பாடு செய்துவைத்திருந்தார். தளத்தின் மூலையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கம்பம் நிற்கும். உறுப்பினர் யாருக்காவது பிறந்தநாள் என்றால் சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடி அதில் ஏறும். உச்சிக்குப் போனதும் ஊதுகொம்பு ஒலிக்கும். கீழே பெயர் வரும். வயதானவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே அன்று சீக்கிரம் எழுவார்கள்.

அந்த ஏப்ரலில், தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றச் சொல்லி எழுதியது. எல்சபெத் ஏற்றினாள். எல்லாம் சரியாக வந்தது, கொடியைத் தவிர. புதிய பதிப்பில் கொடி பாதிக் கம்பம் வரை ஏறி அங்கேயே நின்றது. கொம்பும் ஒலிக்கவில்லை.

பாதிக் கம்பத்தில் கொடி நின்றால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இதை அந்த நாட்டில் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் மாட்டியவர் கெட்டி என்ற மூதாட்டி. எண்பத்தொரு வயது, தோட்டம் எண் நான்கு. பிறந்தநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரிகள் மூன்று பேர் வெள்ளை லில்லிப் பூக்களோடு நின்றார்கள்.

"கெட்டி, நீயா?"

"என் வீட்டுக் கதவ வேற யாரு திறப்பா?"

"இல்ல, கொடி பாதியில நின்னுச்சு..."

"அப்ப இந்தப் பூ எனக்கா, என் பெட்டிக்கா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டுக்கும் ஆகும்" என்றாள் ஒருத்தி. கெட்டி அவர்களை உள்ளே கூப்பிட்டு கேக் கொடுத்தார். மூவரும் கறுப்பு உடையில் உட்கார்ந்து தின்றார்கள்.

அடுத்த வாரம் இன்னொருவருக்குப் பிறந்தநாள். கோபன்ஹேகனிலிருந்து அவருடைய மகள் அழுதுகொண்டே அவருக்கே போன் செய்து, அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டாள். அதற்கடுத்து யாருக்குப் பிறந்தநாள் என்று உறுப்பினர்கள் ஒருவித பயத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். அக்ஸெலுக்குப் பிறகு தலைவரான ஹோல்கர், சுங்கத்துறையில் ஆயுள் முழுக்கப் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர், எல்சபெத்தின் வேலிக்கு வெளியே வந்து நின்றார். வேலிக்கு மேல் அவர் தொப்பி மட்டும் தெரிந்தது.

"ஜூன்ல எனக்குப் பிறந்தநாள்" என்றது தொப்பி.

"தெரியும் ஹோல்கர்."

"நான் உயிரோட இருக்கணும்னு ஆசைப்படறேன்."

"பாத்துடறேன்."

அக்ஸெலின் கொடி பழைய பதிப்பில் மட்டுமே முழுதாக ஏறும் என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சங்கக் கட்டிடத்தின் அலமாரியில், பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பென்டிரைவில், அக்ஸெல் தன் காலத்துத் தளத்தை அப்படியே எடுத்துவைத்திருந்தார். மென்பொருளும் இருந்தது, உள்ளே இருந்த எல்லாமும் இருந்தது. ஒன்பது வருடம் பழையது.

இயங்கிக்கொண்டிருக்கும் தளத்தின் மேல் பழைய பதிப்பை நேராக ஏற்றாதீர்கள், ஒரு நகலில் முதலில் சோதித்துப் பாருங்கள் என்று அந்த மென்பொருள்காரர்கள் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். இந்தச் சின்னச் சங்கத்துக்கு இரண்டாவது தளம் எதற்கு என்று அவள் நினைத்தாள். குடில் படியில் மடிக்கணினியை முட்டிமேல் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பழைய பதிப்பு ஏறியது. புதிய தகவல்களைத் தன்னால் வாசிக்க முடியவில்லை என்றது. தன்னோடு வந்தவற்றைப் போட்டுக்கொள்ளட்டுமா என்றது. ஆம். இருப்பவை அழிந்துவிடும், நிச்சயமா என்றது. ஆம். பிறகு எழுந்து போய் முள்ளங்கிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

இடம் கொடுத்த நிறுவனம் தினமும் தளத்தை ஒரு முறை நகல் எடுக்கும். முந்தைய நகலின் மேலேயே எடுக்கும். மறுநாள் விடிந்தபோது, ஒன்பது வருடம் எங்கேயும் இல்லை.

ஹோல்கரின் பிறந்தநாளன்று கொடி கம்பத்தின் உச்சிக்குப் போனது. கொம்பு ஊதியது. ஹோல்கர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். எல்சபெத்துக்கு ஒரு பாட்டில் ஒயின் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை கத்தரிக்கோல் சத்தம் கேட்டு அவள் விழித்தாள். பெரிய கத்தரிக்கோல், வேலி வெட்டுவது. சத்தம் அவளுடைய வேலியிலிருந்து வந்தது. பல் தேய்க்கும் பிரஷோடு வெளியே வந்தாள். வேலிக்கு மேல், ஏணியில், பிரேபென்.

"என்ன பண்ற அங்க?"

"வேலி வெட்டறேன்."

"அது தெரியுது. ஏன் வெட்டற?"

"சங்கத்துலேர்ந்து மெயில் வந்துச்சு. ஒன்னே முக்கால் மீட்டர் தாண்டிருச்சாம். இந்த மாசக் கடைசியில வர்ற ஹான்ஸ் திருநாளுக்குள்ள வெட்டலைன்னா காலி பண்ண நோட்டீஸாம்."

"பிரேபென், இது உன் வேலி இல்ல. ஏழு வருஷமா இல்ல."

"எனக்கும் அப்படித்தான் ஞாபகம். ஆனா வெப்சைட்ல பாத்தேன். பதினேழுன்னு போட்டு என் பேர் இருக்கு. சரி, நடுவுல நாம ஏதோ மறந்துட்டோம் போலன்னு வந்துட்டேன்."

"விவாகரத்தையா?"

"நான் எத வேணா மறப்பேன் எல்சே. உனக்குத் தெரியாதா."

"எல்சேன்னு கூப்பிடாத."

அவன் இன்னும் இரண்டு வெட்டு வெட்டினான். பச்சை இலைகள் அவளுடைய லெட்டூஸ் பாத்தியில் விழுந்தன. வயது அறுபதைத் தொட்டிருந்தது, கழுத்து மெலிந்திருந்தது. அவன் வேலையைச் சரியாகச் செய்கிறான் என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நூல் கட்டி, மட்டம் பார்த்து வெட்டினான்.

"நாய்க்காரி எங்க?"

"நாயோட இருக்கா. நான் இப்பத் தனியா. மூணாவது மாடி. பால்கனியில ஒரு தக்காளிச் செடி வெச்சேன், புறா தின்னுடுச்சு." கத்தரிக்கோலை நிறுத்தினான். "குடிலுக்கு மஞ்ச அடிச்சிருக்க. நல்லா இருக்கு. நான் பச்சைன்னு சொல்லிருப்பேன். பரவால்ல, அப்புறம் மாத்திக்கலாம்."

எல்சபெத் பிரஷை வாயிலிருந்து எடுத்தாள். அவன் விளையாடுகிறானா என்று முகத்தைப் பார்த்தாள். பாதிதான் விளையாடினான்.

உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தாள். உறுப்பினர் பக்கத்தைத் திருத்தி தன் பெயரைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று எண்ணினாள். பழைய பதிப்பு கடவுச்சொல் கேட்டது. அக்ஸெல் காலத்தில் கூட்டச் செய்திகளைப் போடுவதற்காக அவளுக்குத் தந்திருந்ததைக் கொடுத்தாள். செய்திகள் எழுத மட்டுமே உங்களுக்கு அனுமதி, உறுப்பினர் பக்கத்தைத் தலைவர்தான் திறக்க முடியும் என்றது. தலைவர் அக்ஸெல். அந்தக் கடவுச்சொல்லை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

சட்டையை மாற்றிக்கொண்டு ஹோல்கரிடம் போனாள். அவர் தன் வாசலில், முட்டையில் நெத்திலி வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் சொன்னதெல்லாம் கேட்டார்.

"விதி ஒம்பது" என்றார்.

"அது தப்பா ஏறின தகவல் ஹோல்கர். நான்தான் ஏத்தினேன்."

"யாரு ஏத்தினாங்கன்னு விதியில இல்ல. இருக்கறது செல்லும்னுதான் இருக்கு."

"சரி, தலைவரா நீ ஒரு உத்தரவு போடு."

ஹோல்கர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் எப்படிப் போடறது? தலைவர் அக்ஸெல்."

"அக்ஸெல் செத்துட்டாரு. நீதான சவப்பெட்டிய தூக்கின."

"தூக்கினேன். கனமா இருந்துச்சு. ஆனா வெப்சைட்ல சாகல. நான் புதன்கிழமையே பாத்துட்டேன். அன்னிக்கே கூட்டத்துல தலைவர் தட்டற சுத்தியல அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன்." அவர் குரலில் துக்கமும் ஒரு நேர்மையின் பெருமிதமும் இருந்தன. "தலைவரால வர முடியாத நிலைமைன்னா உதவித் தலைவர் கூட்டத்தக் கூட்டலாம். அது விதி ஆறு."

"உதவித் தலைவர் யாரு?"

"அப்ப யாரு இருந்தா? பிரேபென்."

எல்சபெத் அவருடைய படியில் உட்கார்ந்தாள். "எனக்குத் தோட்டம் போயிடும் ஹோல்கர். எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"ஏன் போவுது? போகாது." அவர் அவள் தோளில் தட்டினார். "வெப்சைட்படி நீ பிரேபென்னோட மனைவி. தோட்டக்காரரோட மனைவி குடில்ல தங்கலாம். விதி நாலு."

"நான் அவன் மனைவி இல்ல."

"வேலிக்கு வெளிய இல்ல" என்றார் ஹோல்கர், நியாயமாக.

அந்த வாரம் தோட்டங்களில் ஒரு தனி உற்சாகம் பரவியது. எல்லோரும் தளத்தைத் திறந்து தங்களைத் தேடிப் பார்த்தார்கள். கெட்டியின் வயது எழுபத்திரண்டு என்றிருந்தது. அக்ஸெல் அதைக் கையால் எழுதிவிட்டு மாற்றாமல் விட்டிருந்தார். கெட்டி அன்றே கைத்தடியைக் குடையோடு சேர்த்து மூலையில் வைத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த வருடத்து விதிகளில் நாயைக் கட்ட வேண்டியதில்லை; நாய்கள் ஓடின. டிராம்போலின் தகராறில் சங்கத்தைவிட்டு நீக்கப்பட்ட ஒருவர், தான் இன்னும் உறுப்பினர் என்று கண்டு, டிராம்போலினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருடைய பழைய தோட்டத்தில் இப்போது வேறொரு குடும்பம் இருந்தது. அவர்கள் தளத்தைப் பார்த்தார்கள், தங்கள் பெயர் இல்லை என்று கண்டார்கள், அவருக்குக் காபி கொடுத்து டிராம்போலினை இறக்க உதவி செய்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் சாயங்காலம் வரை அதில் குதித்தன.

பிரேபென் தினமும் வந்தான். வீபோர்க்கிலிருந்து பஸ்ஸில் வந்து, தெற்கு வேலியை முடித்துவிட்டு மேற்குக்குப் போனான். மூன்றாம் நாள் அவன் தன் செருப்பைக் குடில் வாசலில் விட்டுப் போனான். அவள் அதை எடுத்து வேலிக்கு வெளியே வைத்தாள். மறுநாள் அவன் அதை உள்ளே வைத்தான்.

ஒரு நாள் அவளுடைய முதல் உருளைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பிரேபென் வந்து பக்கத்தில் நின்று பார்த்தான்.

"ரொம்ப ஆழமா நட்டுட்ட" என்றான்.

அன்று மதியமே கூட்டத்தைக் கூட்டச் சொல்லி அவனிடம் கேட்டாள். உதவித் தலைவர் என்ற முறையில் அவன் சம்மதித்தான். சம்மதிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொண்டான்.

ஞாயிறு மதியம் சங்கக் கட்டிடம் நிறைந்துவிட்டது. மேசைமேல் சர்க்கரை தூவிய வளையப் பலகாரம், காபி, சின்னக் காகிதக் கொடிகள். சுவரில் புரொஜெக்டர் வழியாகத் தளம் தெரிந்தது. மூலையில் காலிக் கம்பம். எல்சபெத் மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். பிரேபென் நடுவில் உட்கார்ந்தான். ஹோல்கர் அலமாரியைத் திறந்து சுத்தியலை இரண்டு கையாலும் எடுத்துவந்து அவன் முன் வைத்துவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"அக்ஸெலால இன்னிக்கு வர முடியல" என்று பிரேபென் ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை. குறிப்பு எழுதுகிறவர் அதை எழுதிக்கொண்டார்.

எல்சபெத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று. அழிந்துபோன ஒன்பது வருடத்தை எல்லோரும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். சங்கம் அதை ஏற்க வேண்டும். அக்ஸெலின் கடவுச்சொல்லை ரத்துசெய்து அவள் அதைத் தளத்தில் ஏற்ற வேண்டும். எழுதிவைத்துக்கொண்டு படித்தாள். ஒரு இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள். பதினேழு என்ற இடம்.

முதலில் கெட்டி கை தூக்கினார். "எழுவத்திரண்டுல எனக்கு முட்டி வலி இல்ல. இப்பவும் இல்லாத மாதிரிதான் இருக்கு. எதுக்கு அதக் கிளறணும்?"

"என் டிராம்போலின இறக்கியாச்சு" என்றார் டிராம்போலின்காரர்.

"அந்த ஒம்பது வருஷத்துல எனக்கு நல்லதா ஒண்ணும் நடக்கல" என்றார் ஜன்னலோரம் இருந்த ஒருவர். "திரும்பிச் சொல்லச் சொன்னா அழுதுடுவேன்."

"எல்சபெத்துக்குத் தோட்டம் போகுதுல்ல?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவளுக்கு என்ன குறை?" என்றாள் லில்லிப் பூவோடு போனவர்களில் ஒருத்தி. "தோட்டமும் இருக்கு, வேலி வெட்ட ஆளும் இருக்கு. என் வீட்டுல இருக்கறது ஏணிய பாத்தாலே இடுப்பப் பிடிச்சுக்குது."

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவள் புருஷன்தான் அதிகம் சிரித்தார்.

எல்சபெத் பிரேபென்னைப் பார்த்தாள். "நீ சொல்லு" என்றாள். "அது உன் தோட்டமா?"

பிரேபென் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அவன் வாய்கூடத் திறந்தது. பிறகு ஜன்னல் வழியே எங்கோ பார்த்தான். அங்கே வேலிகள் வெயிலில் நின்றன.

"தலைமையில இருக்கறவன் ஒரு பக்கம் பேசக்கூடாது" என்றான்.

கை தூக்கினார்கள். பழையதே இருக்கட்டும் என்று ஏறக்குறைய அறை முழுவதும் தூக்கியது. வேண்டாம் என்று எல்சபெத் தூக்கினாள். பின்னால் இன்னொருவரும் தூக்கியிருந்தார். கேட்டதற்கு, ஜன்னலைத் திறக்கச் சொன்னேன் என்றார்.

பிரேபென் சுத்தியலால் தட்டினான். "தீர்மானம் நிறைவேறுது. தளத்துல இப்ப இருக்கறதே சரி." ஹோல்கர் பின்வரிசையிலிருந்து தொண்டையைக் கனைத்தார். "ஆங், வெப்சைட்ல வந்தாத்தான் செல்லும். எல்சே, அதக் கொஞ்சம் ஏத்திடறியா?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். எல்சபெத் செய்திப் பக்கத்தைத் திறந்தாள். ஒரு வரி தட்டினாள்: சங்கம் முடிவு செய்கிறது. அங்கே நிறுத்தினாள். அழித்தாள். பிறகு, தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனாள். அதன் கடவுச்சொல் அவளிடம்தான் இருந்தது. அக்ஸெலுக்குப் பிறகு அந்த நிறுவனம் அவளுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தது. மென்பொருள் என்ற இடத்தில் புதிய பதிப்பைத் தேர்ந்தெடுத்தாள். சுவரில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி விழுந்தது.

அவள் அதைப் படித்தாள். அப்படிப்பட்ட ஒன்றை அவள் கடைசிவரை படித்தது அதுதான் முதல்தடவை. உங்கள் தளத்தில் உள்ள பக்கங்கள், உறுப்பினர்கள், படங்கள் யாவும் நீக்கப்பட்டு வெற்றுத் தளம் நிறுவப்படும். நிச்சயமாகத் தெரியுமா? அறையில் மற்றவர்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்சபெத் அழுத்தினாள்.

ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. கம்பம் மறைந்தது. வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே, இங்கே உங்கள் தளத்தின் பெயர் என்று இருந்தது.

"அக்ஸெல் எங்க?" என்றார் ஹோல்கர்.

"போயிட்டாரு."

"நாங்க?"

"நீங்களும்."

முதல் உறுப்பினரின் பெயரை உள்ளிடவும் என்றது தளம். எல்சபெத் தட்டினாள். எல்சபெத். தோட்டம் எண் பதினேழு. பணி என்ற கட்டத்தில் ஒரு நீளப் பட்டியல் விழுந்தது. முதலில் இருந்தது தலைவர். அதை எடுத்தாள். சுவரில் ஒரே ஒரு வரி நின்றது.

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அநியாயம் என்றார் டிராம்போலின்காரர். ஹோல்கர் எழுந்து முன்னால் வந்தார். அவர் குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"நேத்து எடுத்த நகல் இருக்குமே?"

"இருக்கு."

"அதப் போடு."

"போடலாம். சங்கம் தீர்மானம் போட்டாப் போடலாம்." அவள் சுவரைக் காட்டினாள். "சங்கத்துல இப்ப நான் மட்டும்தான் இருக்கேன். எனக்கு விருப்பமில்ல."

ஹோல்கர் சுவரை நெடுநேரம் பார்த்தார். ஒரு பெட்டியின் அடித்தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பவரின் முகம். "ஆனா விதிங்களும் போயிடுச்சு" என்றார். "ஒம்பதும் இப்ப வெப்சைட்ல இல்ல. இல்லைன்னா அது செல்லாது. ஒம்பது செல்லாதுன்னா, வெப்சைட்ல இல்லாததும் செல்லும். அப்ப ஒம்பது செல்லும். செல்லும்னா..." அவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"யோசிச்சுட்டே வரிசையில நில்லு ஹோல்கர்" என்றாள் எல்சபெத். "கதவுலேர்ந்து ஆரம்பிக்கலாம். பேரு, தோட்டம் எண்."

வரிசை என்ற சொல் விழுந்ததும் அவர்கள் எழுந்தார்கள். யாரும் சொல்லாமலே காபி மேசையைச் சுற்றி வளைந்து, ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு நின்றார்கள். ஆளுக்கொரு கோப்பை கையில். அநியாயம் என்றவர் தன் இடம் போய்விடுமோ என்று வேகமாக வந்து நின்றார்.

கெட்டி எழுபத்திரண்டு என்றார். எல்சபெத் எழுபத்திரண்டு என்றே போட்டாள். டிராம்போலின்காரர் தோட்டத்தின் எண்ணைச் சொன்னார். பின்னால் நின்ற குடும்பம் அதே எண்ணைச் சொன்னது. எல்சபெத் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு, அவரைச் சனிக்கிழமை விருந்தாளி என்று போட்டாள். அழுதுவிடுவேன் என்றவர் வந்து, இடையில் தனக்கு ஒரு பேரன் பிறந்ததை மறந்துவிட்டதாகச் சொல்லி அவனையும் சேர்க்கச் சொன்னார். ஹோல்கர் தன் முறை வந்தபோது இன்னும் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார்.

"கொடி?" என்று மட்டும் கேட்டார்.

"கொடி கிடையாது. பிறந்தநாள்னா நேர்ல போய்ச் சொல்லுங்க."

"நேர்லயா" என்றார் ஹோல்கர். அது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பிரேபென் கடைசியில் வந்தான். சுத்தியலை மேசையில் வைத்தான்.

"பேரு?"

"பிரேபென்."

"தோட்டம் எண்?"

அவன் சுவரில் பதினேழுக்கு எதிரே இருந்த பெயரைப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

"காத்திருக்கறவங்க பட்டியல்ல போடட்டுமா?"

"எத்தனாவது?"

"யாரும் இல்ல இன்னும். முதல் ஆளு."

"முதல்னா எப்ப கெடைக்கும்?"

"யாராவது விட்டுட்டுப் போகணும். இல்ல சாகணும்."

அவன் தலையாட்டினான். அவள் போட்டாள். பெயருக்கு நேரே ஒன்று என்ற எண் விழுந்ததை அவன் கவனித்தான். அவன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அந்த ஊரில் தோட்டத்துக்கு மக்கள் பதினைந்து வருடம் காத்திருப்பார்கள்.

"வடக்குப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு" என்றான்.

"அது என் வேலி."

"தெரியும். சொன்னேன்."

"நானே வெட்டிக்கறேன். கத்தரிக்கோல வெச்சுட்டுப் போ, செருப்ப எடுத்துட்டுப் போ."

அவன் அப்படியே செய்தான். மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். நூல் கட்டத் தெரியவில்லை. வடக்குப் பக்கம் ஓர் இடத்தில் தோள் உயரம், ஓர் இடத்தில் இடுப்பு உயரம், நடுவில் ஒரு பெரிய பள்ளம். அந்த வழியாகப் போன ஹோல்கர் பள்ளத்தில் முகம் முழுதும் தெரிய நின்று, காலை வணக்கம் சொன்னார். அவள் ஏணியிலிருந்தபடியே பதில் சொன்னாள்.